திரும்பி வரும் பைகளைப் பாருங்கள்

நாளை மறுநாள் முதலாம் வருடப் பிள்ளைகள் வருகிறார்கள். நீங்கள் புதுச் சேலை கட்டிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, விடுதி வாசலில் நிற்பீர்கள். பயமெல்லாம் பிள்ளைகளுக்குத்தான், உங்களுக்கு ஒன்றுமில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வீர்கள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவர்களில் ஒருவராவது பயப்படாதவர் போலத் தெரிய வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த சப் வார்டன்மாருக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் மிஸ் என்று கேட்டார்கள். வாய் திறந்தால் நாலோடு நிற்கமாட்டேன் என்று கேட்டவர்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன். எழுத்து என்றால் பிடிக்காத இடத்தில் பக்கத்தைப் புரட்டலாம். பேச்சு என்றால் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கதிரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தண்டனையை நான் உங்களுக்குத் தர விரும்பவில்லை.

பல்கலைக்கழகத்துப் பெண்கள் விடுதியில் சப் வார்டனாக இருந்தே என் தலை நரைத்தது. நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஓய்வுபெற்று, தம்பியின் புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறேன். தெருவில் பஸ்காரர்கள் ஹோர்ன் அடிப்பது காதைக் கிழிக்கிறது என்று தம்பி மனைவி அலுத்துக்கொள்கிறாள். ஒரு விடுதி நிறையப் பெண்பிள்ளைகள் ஒரே குளியலறைக்குச் சண்டை பிடிக்கும் சத்தத்தில் காலம் தள்ளியவளுக்கு அந்த ஹோர்ன் எல்லாம் எம்மாத்திரம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வந்திறங்கும் நாளில் அவர்களுக்குப் புத்தி சொல்லாதீர்கள். அன்றைக்கு அவர்கள் காது வேலை செய்யாது. அப்பா கேட்டைத் தாண்டிப் போய்விட்டாரா, இன்னும் அங்கேதான் நிற்கிறாரா என்று பார்ப்பதற்கே கண்ணும் காதும் போதாது. கக்கூஸ் எந்தப் பக்கம், குடிக்கத் தண்ணீர் எங்கே பிடிப்பது, இரவுச் சாப்பாடு எத்தனை மணியோடு முடியும், கண்டிக்குப் போகிற பஸ்ஸுக்கு ரோட்டில் எந்தக் கரையில் நிற்பது. இவ்வளவு சொன்னால் போதும். நாம் பெரிதாகப் பேச ஆசைப்படுவது நமக்காகத்தான்.

இரண்டாவது வாரம் கொஞ்சம் சொல்லலாம். நான் சொல்லி வந்தது இதுதான். லெக்சர் விளங்கவில்லை என்று கடைசி வாங்கிலுக்குப் போகாதே, முன்னுக்கு வந்து உட்கார். சாப்பாட்டை விட்டுக் காசு மிச்சம் பிடிக்காதே, அந்த மிச்சம் மருந்துக்கடைக்குத்தான் போகும். சீனியர் அக்கா ஒன்றைச் செய்யச் சொல்லி உனக்கு வயிற்றைப் பிசைந்தால் அது பகிடியில்லை, பகிடிவதை. எந்த நேரமென்றும் பார்க்காமல் என் கதவைத் தட்டு. உன் ஊர்ப் பிள்ளையோடு மட்டும் ஒட்டிக்கொண்டு திரியாதே. யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் கொஞ்சம் வாயாடப் பழகு, அக்குறணைப் பிள்ளையின் உம்மா கொடுத்துவிடும் வட்டிலப்பத்தில் பங்கு கேட்கப் பழகு. சிங்களப் பிள்ளைகளிடம் தப்புத் தப்பாகவாவது சிங்களம் பேசு. அவர்கள் சிரிப்பார்கள், நீயும் சிரி, அதோடு சிநேகம் பிடித்துவிடும்.

இதெல்லாம் நீங்களே சொல்லிவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒரு சிங்கள அம்மா இருந்தார். பிள்ளைகள் அவரை லொக்கு மிஸ் என்பார்கள், அதாவது பெரிய மிஸ். பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முகத்தைப் பார்த்து யார் சந்தோஷமாக இருக்கிறார்கள், யார் அழுதிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பக்கத்தில் நின்று, அந்தப் பிள்ளையின் முகம் சரியில்லையே மிஸ் என்றேன். முகத்தில் என்ன இருக்கிறது மகள், எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள், நீ பையைப் பார் என்றார்.

வீட்டுக்குப் போகிற பை லேசாகப் போகும். உள்ளே அழுக்குத் துணி மட்டும்தான். திரும்பி வரும்போது தோள் ஒரு பக்கம் சரியும். பருத்தித்துறைப் பிள்ளையின் பையில் தட்டைவடையும் மோர்மிளகாயும் இருக்கும். ஹுன்னஸ்கிரியப் பிள்ளையின் பையில் தேயிலைத் தூளும் ரொட்டியும் சம்பலும் இருக்கும். எங்கள் பிள்ளைகளின் அம்மாமார் வாயால் அன்பைச் சொல்லத் தெரியாதவர்கள். எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். லேசாகப் போய் லேசாகவே திரும்புகிற பை இருந்தால் அதை மட்டும் மறந்துவிடாதே என்றார் லொக்கு மிஸ்.

அந்தப் பாடத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டேன். அடுத்த மாதமே லேசான பையோடு வந்த ஒரு பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் என்ன பிரச்சினை என்றாலும் என்னிடம் சொல்லலாம் மகள் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விடுதிக்கு ஏறி வருகிற வழியில் குரங்குகள் பையைப் பறித்து, அவள் அம்மா கொடுத்துவிட்ட அத்தனை பணியாரத்தையும் மரத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டனவாம். ஆகவே லேசான பை எல்லாம் சோகம் என்று நினைத்து நீங்களும் ஓடாதீர்கள். முதலில் குரங்கா என்று கேளுங்கள்.

கோகிலாவின் பைக்குக் குரங்கு காரணமில்லை.

அவளைக் கோகிலா என்றே வைத்துக்கொள்வோம், சொந்தப் பெயர் வேறு. பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்தெடுக்கிறவர். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குக் கண்டி ஒரு சின்ன ஊர். அந்த மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைக்கு இது பெரிய பட்டணம். கோகிலா ரோட்டைக் கடக்கும்போதும் யாராவது திட்டிவிடுவார்களோ என்பது போலத்தான் கடப்பாள். விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகி வந்திருந்தாள். அறைத்தோழி தர்சிகா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல துடியாட்டம்.

கோகிலா சனிக்கிழமை காலையில் வீட்டுக்குப் போகிறேன் என்று பையோடு புறப்படுவாள். அன்றைக்குப் பின்னேரமே திரும்பிவிடுவாள். பை போனது போலவே வரும். கேட்டால், "அம்மா வேலைக்குப் போயிட்டாங்க மிஸ், சும்மா எதுக்கு இருக்கணும்னு வந்துட்டேன்" என்பாள். முதல் தடவை நம்பினேன். அடுத்த சனிக்கிழமையும் அதே பதில், அதே லேசான பை. லொக்கு மிஸ்ஸின் குரல் காதில் கேட்டது. ஆனால் குரங்கு விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை அசடு வழிந்தவள் ஆகையால், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தேன்.

பொறுக்க நேரம் கிடைக்கவில்லை. அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை காலையில் தர்சிகா செருப்புக்கூடப் போடாமல் என் அறைக்கு ஓடி வந்தாள்.

"மிஸ், கோகிலா பெட்டி அடுக்குறாள். கொழும்புக்குப் போகப் போறாளாம், ஏதோ கடையில வேலையாம். இனி வரமாட்டாளாம். ஏனெண்டு கேட்டன், வாயே திறக்கிறாளில்லை."

உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். கை முதலில் தொலைபேசிக்குத்தான் போகும். என் கையும் போனது. வீட்டாருக்கு அறிவித்துவிட்டால் நம் கடமை முடிந்தது, நாளைக்கு யாரும் நம்மை ஒன்றும் கேட்க முடியாது. எண்ணை அழுத்தப் போகும்போது ஒரு யோசனை வந்தது. அந்தத் தாய் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார். செய்தி அவர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய், லயத்திலிருந்து மலைக்குப் போவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். இந்தப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டில் பேச ஒன்றுமில்லை. கொழும்புதான் மிச்சம். தொலைபேசியை வைத்துவிட்டேன். அதற்காக விதிமுறையைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு பிள்ளை மனம் உடைந்து நிற்கிறாள், அவளோடு வெளியே போகிறேன், பின்னேரம் வந்து விவரம் சொல்கிறேன் என்று வார்டனிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் அறைக்குப் போனேன்.

பெட்டி கட்டி முடிந்திருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து அதன் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள். கொழும்பு பஸ் மத்தியானமும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூட்டிவந்து பாணும் பருப்புக் கறியும் வைத்தேன். பசித்த பிள்ளையிடம் எதையும் கேட்காதீர்கள், பதில் எல்லாம் வயிற்றிலிருந்துதான் வரும். பாதிப் பாண் உள்ளே போனதும் அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பேனர். அந்தத் தோட்டத்திலிருந்து கம்பஸ் போகிற முதல் பெண்பிள்ளை இவள்தான். இளைஞர் மன்றத்துப் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வத்தேகமயில் ஒரு பெரிய பேனர் அடித்து, தோட்டத்துக்குப் பஸ் வந்து நிற்கிற வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே கட்டிவிட்டார்கள். ரெட்டைச் சடையும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையுமாக அவளுடைய படம், ஒரு ஆள் உயரத்துக்கு. பக்கத்தில், எங்கள் தோட்டத்தின் முதல் டாக்டர் கோகிலாவை வாழ்த்துகிறோம் என்று எழுத்து. கம்பஸ் என்றால் டாக்டர்தான் என்று அந்தப் பையன்கள் நினைத்தார்கள். விஞ்ஞான பீடம், மருத்துவ பீடம் என்ற பிரிவெல்லாம் அவர்களுக்கு யார் சொன்னது? அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அவ்வளவு சந்தோஷத்தோடு செய்யப்பட்ட தப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோயிலில் அவளுக்கு மாலை போட்டுப் பாராட்டிய அன்றைக்கே அவள் உண்மையைச் சொல்லப் பார்த்தாளாம். கூட்டத்தின் பின்னால் அப்பா, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாராம். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். கம்பஸ் தொடங்கி முதல் வாரம் வீட்டுக்குப் போனபோது, பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற பெரியப்பா முழங்கால் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு அக்கா தன் பிள்ளையின் முதுகுச் சிரங்கைக் காட்டினாள். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டு, விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வத்தேகம வரைக்கும் போவாள். அங்கே பன்வில பஸ்ஸுக்கு மாறி ஏற வேண்டும். ஏற முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் வாங்கிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண்டி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். இந்தப் பக்கம் லெக்சர் எல்லாம் இங்கிலீஷ். கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதத்தான் முடிந்தது.

"மிஸ், அந்த பேனருக்குக் கீழால நான் எப்புடி நடந்து போவேன்? டாக்டருக்கும் படிக்கல. படிக்கிறதும் வெளங்கல."

சொல்லிவிட்டு மிச்சப் பாணைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள்.

இந்த இடத்தில்தான் நாம் தவறுகிறோம். எனக்கு ஆறுதல் வார்த்தை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா அம்மாவுக்கு நீ தானே பெரிது, அவர்கள் புரிந்துகொள்வார்கள், இங்கிலீஷ் போகப் போக வந்துவிடும். எல்லாம் உண்மைதான். ஆனால் வத்தேகம வாங்கிலில் உட்கார்ந்து அவளே இதையெல்லாம் தனக்குச் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. அவளுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. அவளால் தனியாக ஏற முடியாத ஒரு பஸ் இருக்கிறது. அதுதான் விஷயம்.

எழுந்து சமையலறைக்குப் போய், மரக்கறி வெட்டுகிற பெரிய கத்தியை எடுத்து, பேப்பரில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.

"வா, பேனர அறுத்துட்டு வருவோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெட்டி அப்படியே இருக்கட்டும், அறுத்துவிட்டு வந்து கொழும்புக்குப் போவதென்றால் போ, நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். மனதார அப்படித்தான் சொன்னேன். பொய்யாகச் சொல்லியிருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள்.

வத்தேகமயில் பஸ் மாறும்போது அவள் கால் நின்றது. நான் திரும்பிப் பார்க்காமல் ஏறி, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து இடம் பிடித்தேன். கொஞ்சம் கழித்து அவள் வந்து கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே ஏற ஏற ஒரு பக்கம் தேயிலையும் மறுபக்கம் பள்ளமுமாக இருந்தது. தோட்டத்து வளைவு நெருங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"வந்திரிச்சா மிஸ்?"

நான் எட்டிப் பார்த்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மரங்கள் நின்றன. ஒன்றில் அறுந்த நைலோன் கயிறு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பேனர் இல்லை.

இறங்கி அந்தக் கயிற்றின் கீழே நின்றோம். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் வெளிறிப் போனது. விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் கழற்றிவிட்டார்கள், ஊர் முழுக்கப் பேசியிருப்பார்கள் என்று திரும்பிப் போகிற பஸ்ஸைப் பார்க்கத் தொடங்கினாள். இவ்வளவு தூரம் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், ஒரு தேத்தண்ணியாவது குடிக்காமல் போகமாட்டேன் என்று நான் லயத்துப் பக்கம் நடந்தேன். விருந்தாளியைத் தனியே விட முடியாதே, பின்னால் வந்தாள்.

அம்மா அப்போதுதான் மத்தியானத்துக்கு மலையிலிருந்து இறங்கியிருந்தார். மகளையும் என்னையும் சேர்த்துப் பார்த்ததும் கையிலிருந்த கொழுந்துக் கூடை நழுவியது. ஒன்றுமில்லை, தேத்தண்ணி குடிக்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் தேத்தண்ணி கேட்டு வந்தவரிடம் வேறு எதையும் கேட்பது மரியாதை இல்லை என்று அடுப்பங்கரைக்குப் போனார். மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பலாக்காய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அவருடைய கத்தியின் பிடி கழன்று ஆடியது. நான் கைப்பையைத் திறந்து என் கத்தியைக் கொடுத்தேன். கம்பஸ் மிஸ்மார் எல்லோரும் கைப்பையில் கத்தியோடுதான் திரிவார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும், வாங்கிப் பலாக்காயைப் பிளந்தார்.

"கோகிலா, பின்னால போயி வெறகு ரெண்டு எடுத்துட்டு வா" என்றார்.

போனவள் வரவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து அடங்கியது. நான் எழுந்து பின்பக்கம் போனேன்.

லயத்தின் பின்சுவரோடு ஒட்டி விறகை அடுக்கி, மழைக்கு அதன்மேல் பெரிய பிளாஸ்டிக் சீட் ஒன்றைச் சாய்ப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். கோகிலா அதன் கீழே குந்தியிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து உள்ளே பார்த்தேன். உட்பக்கத்தில் ரெட்டைச் சடையோடு அவளே, ஆள் உயரத்துக்கு, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா இரவு வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்தவர், பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். மகள் எதைப் பார்க்கிறாள் என்று விளங்கியதும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. தப்புச் செய்தவர் போலப் பேசினார்.

"காத்துல கயிறு அறுந்து ரோட்ல கெடந்திச்சும்மா. ஒன் மூஞ்சி மேல லொறி ஏறிரும்னு தூக்கியாந்துட்டேன். வெறகு நனையுதுன்னு கட்டினேன். படத்த உள்பக்கமாத்தான் திருப்பிப் போட்டிருக்கேன். மூஞ்சில மழை படக்கூடாதுல்ல."

அந்தப் பிள்ளை விறகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டருக்குப் படிக்கவில்லை என்றாள், வத்தேகமயோடு திரும்பிப் போனதைச் சொன்னாள், கொழும்பையும் சொன்னாள். அவர் பக்கத்தில் குந்தி, முழுவதையும் கேட்டார்.

"தெரியும்மா. ஒங்க பள்ளிக்கூட மாஸ்டர் அன்னைக்கே சொன்னாரு. பயலுக ஆசைப்பட்டுப் போட்டுட்டானுக. நீயும் ஒன்னும் சொல்லல. ஒனக்கு அதுல ஒரு சந்தோசம் போலன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

யோசித்துப் பாருங்கள். அவருக்காக இவள் வாயை மூடிக்கொண்டாள், இவளுக்காக அவர் மூடிக்கொண்டார். பேனரோ, இவள் தலைகுனிந்து வத்தேகமயில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், ஒரு தொல்லையும் தராமல் விறகை நனையாமல் காத்துக்கொண்டிருந்தது.

படிப்பு விளங்கவில்லை என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

"வெளங்கலன்னா வந்துரு. வீடு எங்கயும் போயிறலல்ல" என்றார் அவர்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் எல்லோரும் பிள்ளைகளைத் தங்கவைப்பதற்கு, பின்வாங்காதே, குடும்பத்தின் நம்பிக்கை நீ, ஊரின் பெருமை நீ என்று கதவை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வருகிறோம். பிள்ளைக்கு மூச்சு முட்டி, பூட்டாத ஏதாவது ஓர் ஓட்டை வழியாக ஓடப் பார்க்கிறது. அந்த மனிதர் ஒரு கதவைத் திறந்து வைத்தார். வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்த பிள்ளைதான் விடுதியில் நிம்மதியாக உறங்கும். வருகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு புத்தி சொல்ல நேரமிருந்தால், வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தால் போய்விட்டு வா, அது தோல்வி இல்லை என்று சொல்லுங்கள். வாழ்த்து எதுவும் சொல்ல வேண்டாம், அது அவர்களுக்கு ஏற்கெனவே ரோட்டுக்குக் குறுக்கே தொங்கிக்கொண்டிருக்கும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியப்பா வந்துவிட்டார், கையில் அதே எக்ஸ்ரேயோடு. எனக்குப் பகீர் என்றது. கோகிலா சாப்பாட்டுக் கையோடு எழுந்தாள்.

"பெரியப்பா, நான் டாக்டருக்குப் படிக்கல. சயன்ஸ்தான் படிக்கிறேன்."

"அதனால என்னா? இங்கிலீசு வாசிப்பேல்ல? இதுல என்னா எழுதியிருக்குன்னு சொல்லு, போதும்."

கையைக் கழுவிவிட்டு வந்து, எக்ஸ்ரேயோடு இருந்த தாளை வாங்கி, விரலை வைத்துத் தடுக்கித் தடுக்கி வாசித்தாள். மூட்டு தேய்ந்திருக்கிறது, முறிவு இல்லை, திரும்பவும் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கினாள். முறிவு இல்லை என்று கேட்டதும் பெரியப்பா நொண்டிக்கொண்டு வந்ததைக்கூட மறந்துவிட்டு நடந்து போனார். இங்கிலீஷ் விளங்கவில்லை என்று பெட்டி கட்டிய பிள்ளைதான் வாசித்தாள் என்று நான் அவளுக்குச் சுட்டிக்காட்டவில்லை. சாப்பிட்டு முடித்து, இன்றைக்கு நீ இங்கேயே இரு, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டேன். நாளைக்கு வருவாயா, கொழும்புக்குப் போவாயா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கத்தி அடுப்பங்கரையில் பலாக்காய்த் தோலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாட்டை உங்களுக்கு எப்படிச் சொல்வது? தர்சிகா மத்தியானத்திலிருந்தே மேல்மாடி ஜன்னலில் நின்றாள். நான் கீழே பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மழை பெய்து நனைந்திருந்த சாடிகள்தான், ஆனாலும் ஊற்றினேன். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வந்துகொண்டிருந்தார்கள், கனத்த பைகளோடு. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தேன். நான் செய்தது சரியா, அவள் வராவிட்டால் வார்டனுக்கு என்ன சொல்வது, அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது என்று மனம் அடித்துக்கொண்டது. இந்த வேலையில் அந்தப் பயம் கடைசி வரைக்கும் போகாது. போய்விட்டால் வேலையை விட்டுவிடுங்கள்.

அவள் பட்டம் பெற்றாளா என்று கேட்பீர்கள். பெற்றாள். முதல் பரீட்சையில் தடுக்கி விழுந்து, எழுந்து, மெல்ல மெல்லத்தான் பெற்றாள். இப்போது மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அந்தப் பக்கத்து எக்ஸ்ரேக்கள் இன்றைக்கும் அவளிடம்தான் முதலில் போகின்றன. பட்டமளிப்புக்குப் புதுப் பேனர் அடிக்கப் பையன்கள் வந்தபோது, பழசே இன்னும் ஓட்டை விழவில்லை என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டாராம்.

ஆனால் எனக்குப் பட்டமளிப்பு நாளைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவில் நிற்கிறது. வெயில் சாயும் நேரம், மேலே தர்சிகா, "மிஸ், வாறாள்" என்று கத்தியபடி படியிறங்கி ஓடினாள். கேட்டுக்கு அப்பால் கோகிலா ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள். பை ரோட்டை உரசாத குறை. தர்சிகா ஒரு பக்க வாரைப் பிடித்தாள், இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்கள். வாய் மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது பை. கோகிலா மேலேயிருந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"கத்திய மறந்துட்டுப் போயிட்டீங்க மிஸ். மத்தியானச் சமையலுக்கு என்னா செய்வீங்கன்னு அம்மா ஒரே கவலை. கட்டாயம் கையில குடுக்கணும்னு சொல்லிவிட்டாங்க."

வயதாகிவிட்டது மகள், மறதி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். நான் மறந்துவிட்டுத்தான் போனேன் என்று அவள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.